இரண்டு தைப்பூசம் கண்ட காப்பு

அத்தியாயம் ஒன்பது

கிள்ளானுக்குப் பெண் பார்க்கப் புறப்பட்ட ரயிலில் மாப்பிள்ளையின் பெண்டாட்டியும் இருந்தாள். வெற்றிலைத் தட்டு அவள் மடியில்தான் இருந்தது.

சிரிக்க வேண்டாம். மாப்பிள்ளையின் அம்மா பவுனம்மாள் குடும்பத்து வழக்கம் அது. இரண்டாம் தாரமாகப் பெண் கேட்டுப் போனால், மூத்தவள் தன் கையால் புதியவள் தலையில் பூ வைக்க வேண்டும். வைத்தால்தான் பெண்ணைப் பெற்றவர்கள் மேற்கொண்டு பேசவே வாய் திறப்பார்கள்.

சென்ற வாரம் பவுனம்மாள் தன் மருமகளிடம், "கிள்ளானுக்கு நீயும் வரணும்" என்று சொன்னபோது, சீதாலெட்சுமி அழுவாள், காலைப் பிடிப்பாள் என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸே எதிர்பார்த்தது. அவளோ உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, "சரி அத்தை, எந்த ரயிலு?" என்று கேட்டாள்.

அன்று முதல் குவாட்டர்ஸில் இரண்டு கட்சி. "சரியான கல்லுளிமங்கி" என்றது ஒரு கட்சி. "பாவம், தான் மலடின்னு அவளுக்கே தெரிஞ்சு போச்சு" என்றது இன்னொன்று. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் இரண்டு கட்சிக்கும் விஷயம் தெரியாது. குவாட்டர்ஸில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சீதா. இன்னொருவன், எதிர்ப் பலகையில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் நாகையா, கூட்ஸ் ஷெட்டில் கணக்கு எழுதும் கிராணி.

அந்த விஷயம் அவன் வலது மணிக்கட்டில் கட்டியிருந்தது.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கல்யாணமான முதல் எட்டு மாதம் நாகையா ஆபீஸ் விட்டால் நேரே வீடுதான். கையில் நாள் தவறாமல் ஒரு முழம் மல்லிகை இருக்கும். அறைக்கதவைச் சாத்தினால் சீதாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். கூடத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்குக் கேட்டுவிடுமே என்று அவன் அவள் வாயைப் பொத்துவான்.

பிறகு தைப்பூசம் வந்தது. பத்துமலையில் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டு நாகையா மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டான். காப்புக் கட்டிய கை பெண்டாட்டியைத் தொடக்கூடாது. ஒரு மண்டலம்தானே? சீதாவும் சந்தோஷமாக விரதச் சோறு பொங்கிப் போட்டாள். காவடி இறங்கியது. கூடப் போனவர்கள் எல்லாரும் காப்பை அவிழ்த்தார்கள். நாகையா அவிழ்க்கவில்லை.

காரணம், ஒழுக்க சபை. சிவசம்பு வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கடை மாடியில் நடத்திய சபை அது; காப்பைக் கட்டிவிட்டவரும் அவர்தான். "எண்ணெயைக் கொட்டினவன் வீட்டிலை விளக்கு எரியாது" என்பார் அவர். ஆண்பிள்ளையின் பலம் முழுவதும் அவன் அடக்கி வைப்பதில்தான் இருக்கிறதாம். பெண்டாட்டியை நினைக்க நினைக்க மூளை, கண், எலும்பு மூன்றும் தேயுமாம். விரதக் காலத்தில் நாகையா ஆபீஸ் பரீட்சையில் தேறியிருந்தான். படித்ததால் தேறினீர்கள் என்றாள் சீதா. அடக்கியதால் தேறினாய் என்றது சபை. சபைதான் ஜெயித்தது.

அன்று முதல் கட்டிலில் அவள், தரையில் பாய் போட்டு அவன். அறைக்கதவு மட்டும் வழக்கம் போலச் சாத்தியிருக்கும். பவுனம்மாள் பார்த்தது சாத்திய கதவைத்தான். அடுத்த தைப்பூசமும் வந்து போயிற்று. காப்பு அவிழவில்லை.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் மகனை மணையில் உட்கார வைத்து, அந்தக் காப்புக்குப் புது மஞ்சள் பூசியது பவுனம்மாளேதான். "எம் மவனைப் போல பக்தி யாருக்கு வரும்?" என்று வேலியோரம் நின்று பீற்றிக்கொள்வாள். அதே கையால் வேப்பங்கொழுந்தை அரைத்து, வயிறு திறக்கட்டும் என்று மருமகளுக்கு உருட்டிக் கொடுப்பாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பக்தியைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா?

இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்தபோது நாகையா, "வேணாம்மா" என்று ஒரு தடவை சொன்னான். ஏன் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தான். மௌனம் சம்மதம் என்று பவுனம்மாள் முடிவு கட்டிவிட்டாள்.

ரயில் பத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டியது. சீதா புருஷனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கிராப்புக்குக் கீழே பிடரியில் வியர்வை அரும்பியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு அந்த வியர்வையைத் தன் முந்தானையால் துடைக்க வேண்டும் போலிருந்தது. துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளவும் அவளுக்கு உத்தேசம் இல்லை.

ஊர்ச் சட்டம் விசித்திரமானது. கல்யாண ராத்திரியில் பாலும் பழமும் கையில் கொடுத்து அறைக்குள் தள்ளிவிடுகிறவர்கள்தான், விடிந்ததும் தலையைக் குனிந்து நட என்கிறார்கள். பிள்ளை வேண்டும் என்று ஒரு பெண் அழுதால் ஊரே கூட உட்கார்ந்து அழும். புருஷன் வேண்டும் என்று சொன்னால்? அவளை என்ன சொல்லுவார்கள் என்று இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

முதலில் சீதாவும் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். தனக்குத்தான் ஏதோ கெட்ட புத்தி என்று பச்சைத் தண்ணீரில் குளித்தாள்; வெள்ளிக்கு வெள்ளி பட்டினி கிடந்தாள். ஒருநாள் துவைக்கப் போட்ட அவன் சட்டையை எடுத்தவள், அதை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்தது. என் புருஷன் சட்டைதானே, இதென்ன திருட்டா? அதோடு அவளை விட்டு வெட்கம் போயிற்று. பயமும் போயிற்று. இன்று அவள் கையாலேயே அந்தப் புருஷனை இன்னொருத்திக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கப் போவதில்லை என்று அவள் தீர்மானித்துத்தான் ரயில் ஏறியிருந்தாள்.

கிள்ளானில் பெருமாள் கோவிலுக்குப் பின்புறத் தெருவில் பெண்ணின் தகப்பனார் அய்யாவு வீடு. துறைமுகத்துக்கு ரப்பர் ஏற்றிப் போகும் மாட்டுவண்டிகள் வாசலில் நின்றன. அய்யாவு வாய் நிறைய வரவேற்றார். அவர் பெண்டாட்டி வீரம்மா வாய் திறக்காமல், வந்தவர்களை ஒவ்வொருவராக அளந்தாள். பெண் தனலெட்சுமி கோப்பி கொண்டு வந்து வைத்தாள். அழுது முகம் கழுவிய கண்கள் என்பது சீதாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

அய்யாவு நேரே சீதாவின் பக்கம் திரும்பினார்.

"தாயி, மத்தவங்க சம்மதமெல்லாம் அப்புறம். ஒன்னைத்தான் கேக்கணும். எம் பொண்ணு ஒன் வீட்டுக்கு வர்றதுல ஒனக்கு மனசு ஒப்புதா?"

பவுனம்மாள் மருமகளைப் பார்த்தாள். நாகையா கோப்பிக் கோப்பைக்குள் பார்த்தான்.

சீதா தட்டிலிருந்த பூச்சரத்தைக் கையில் எடுத்தாள்.

"பூ வைக்கிறேன் மாமா. அதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு. இவரு கையில காப்பு இருக்கு. அதை இங்கேயே அவுத்துடச் சொல்லுங்க. காப்புக் கையோட வந்து பொண்ணு பார்க்கலாமா?"

"அட, நேர்த்திக்கடனா? நல்லதுதானே!" என்று அய்யாவு சிரித்தார்.

வீரம்மா சிரிக்கவில்லை. "எந்த நேர்த்திக்கு தம்பி இப்பக் காப்பு? ஆவணி வந்தாச்சே."

"காவடிக் காப்புங்க" என்றான் நாகையா. குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

"இந்தத் தைப்பூசத்துக் காவடியா?"

"அதுக்கு முந்தின தைப்பூசத்துக்குக் கட்டினதுங்க" என்றாள் சீதா. "இன்னும் அவுக்கலே. எங்க அத்தைதான் வெள்ளிக்கு வெள்ளி மஞ்சள் பூசறாங்க. கேட்டுப் பாருங்க."

வீரம்மா நாகையாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். சீதாவைப் பார்த்தாள். திரும்பவும் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"அடி ஆத்தி!" என்றாள். "ரெண்டு தைப்பூசமாக் காப்புக் கையோட இருந்தா, புள்ளை எங்கேருந்து வரும்? வானத்துலேருந்தா?"

"ஏய் வீரம்மா!" அய்யாவு அதட்டினார்.

"என்னை ஏன் அதட்டுறீங்க? இவளுக்குப் புள்ளை இல்லேன்னுதானே நம்ம பொண்ணைக் கேட்டு வந்திருக்காக? எம் பொண்ணும் போய் காப்புக்கு மஞ்சள் அரைச்சுக் கொடுக்கவா?"

நாகையா சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டான். பவுனம்மாள் குனிந்து தன் வலது கையைப் பார்த்தாள். விரல் நுனியில் போன வெள்ளிக்கிழமை மஞ்சள் இன்னும் இருந்தது.

அப்போதுதான் தனலெட்சுமி முன்னால் வந்தாள். சீதாவின் கையிலிருந்த பூச்சரத்தை வாங்கி, அவளைத் திருப்பி நிறுத்தி, அவள் கொண்டையிலேயே வைத்தாள்.

"இது உங்க பூவுதான் அக்கா" என்றாள். வழக்கம் தலைகீழாகப் போயிற்று. அதைத் தடுக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கிள்ளான் ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தார்கள். பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்ததும் பவுனம்மாள் மருமகளிடம் கேட்டாள்.

"ஏண்டி, இத்தனை நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"என்னான்னு சொல்றது அத்தை? உங்க மவன் என்னைத் தொடறது இல்லேன்னா? 'இவளுக்கு அதே நெனப்பு'ன்னு சொல்லியிருக்க மாட்டீங்க?"

பவுனம்மாள் தண்டவாளத்தைப் பார்த்தாள். "சொல்லியிருப்பேன்" என்றாள். "என்னையும் அப்படித்தான் சொன்னாங்க."

நாகையா தலையைத் தூக்கினான்.

"நாகு, ஒங்கப்பன் எதனால செத்தாருன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

அப்பா ரெங்கசாமி செத்தபோது நாகையாவுக்கு ஆறு வயது. அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "பெரியப்பா சொன்னாரு... நீங்க... அப்பா எந்நேரமும் உங்க முந்தானையிலேயே கெடந்து, உடம்பு உருகிப் போயிட்டாருன்னு."

பிணத்துக்குப் பக்கத்தில் நின்ற ஆறு வயதுப் பிள்ளையின் காதில் விழுந்த பேச்சு அது. அதற்கு அப்புறம் இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. சிவசம்பு வாத்தியார் புதிதாக ஒன்றும் விதைக்கவில்லை. முளைத்துக் கிடந்ததற்குத் தண்ணீர் ஊற்றினார், அவ்வளவுதான்.

"நல்லாக் கேட்டுக்க" என்றாள் பவுனம்மாள். "ஒங்கப்பன் செத்தது குளிர்காய்ச்சல்ல. பகாங் காட்டுல ரயிலுக்குத் தண்டவாளச் சடக்கு போடப் போனாங்க. கூடப் போன கும்பல்ல பாதி ஆளு திரும்பி வரலே. அவனுங்க பொண்டாட்டியெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் ஊர்ல இருந்தாளுங்க. அவனுங்களை யாரு உருக்கினா?"

நாகையா சட்டைக் கைக்கு மேலாகவே காப்பைத் தடவிப் பார்த்தான்.

"நான் ஒங்கப்பன் மேல உசிரையே வெச்சிருந்தேன். அது பொய் இல்லே. அவரு வர்ற நாளுன்னா தலைக்குக் குளிச்சு, கதவுகிட்டேயே நிப்பேன். அதைக் குத்தம்னாங்க. நானும் குத்தம்னே நம்பி வாயை மூடிக்கிட்டேன். ஒங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லலே."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையை விட அவளுக்குக் கோபம்தான் அதிகமாக இருந்தது. ரயில் வந்து நின்றதும் மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் பொம்பளைங்க பெட்டியில ஏறிக்கிறேன். நீ ஒன் புருசனோட வா" என்று மருமகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு நாகையா சொன்னான்: "நாலு பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டே."

"என் மானத்தை வாங்கத்தானே என்னைத் தட்டோட கூட்டிட்டு வந்தீங்க? நான் அதைத் திருப்பி வாங்கிக்கிட்டேன். உங்களுக்கு அது கொஞ்சம் சுட்டிருக்கும்."

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டான். அடக்கித்தான் பழக்கமாயிற்றே.

"எனக்குப் பயம், சீதா."

"எதுக்கு?"

"அந்த எட்டு மாசமும் ஆபீஸ்ல உக்காந்தா உன் நெனப்புதான். மூட்டையை எண்ணிக்கிட்டே இருப்பேன், பாதியில உன் முகம் வந்துடும். திரும்ப முதல்லேருந்து எண்ணணும். இப்படியே போனா நான்னு ஒருத்தன் மிஞ்சமாட்டேனோன்னு பயந்தேன். காப்பைக் கட்டினதும் நிம்மதியா இருந்துச்சு."

"இப்ப நிம்மதியா?"

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தெனமும் நீ தூங்கற வரைக்கும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான்.

சீதாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை அவள் மறைக்கவில்லை. சிரித்தாள்.

"நானும் தூங்கற மாதிரிப் படுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். "இத பாருங்க, எனக்குப் புள்ளை வேணும். ஆனா அது அப்புறம். முதல்ல நீங்க வேணும். எல்லாரும் இதைப் பசின்னு சொல்றாங்க. பசியா இருந்தா யாரு போட்ட சோறும் தீர்க்கும். எனக்கு வேண்டியது நீங்க ஒருத்தர்தான். இதைச் சொல்ல எனக்கு இனிமே வெக்கமில்லே."

எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க் கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். நாகையா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்து மணிக்கட்டை அவள் முன் நீட்டினான்.

"அவுத்துடு."

எத்தனையோ நாள் அவள் காத்திருந்த வார்த்தை அது. ஆனாலும் சீதா கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன்."

"ஏன்?"

"நான் அவுத்தா, நாளைக்கு உங்களுக்கு ஒரு தலைவலி வந்தாலும் நான்தான் காரணம்னு ஆயிடும். உங்க அம்மாவுக்கு ஆன மாதிரி. கட்டிவிடச் சொல்லிக் கையை நீட்டினது நீங்க. அவுத்துவிடச் சொல்லியும் கட்டினவருகிட்ட நீங்கதான் போய் நீட்டணும். மனசு வந்தா போய் அவுத்துட்டு வாங்க. வரலேன்னா பாயிலேயே படுங்க. ஆனா பயத்தை விரதம்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க."

கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் நாகையா வீட்டுக்கு வரவில்லை. சிவசம்பு வாத்தியார் வீடு இருக்கும் பக்கம் விடுவிடென்று நடந்து போனான்.

வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். பவுனம்மாள் நேரே அம்மியடிக்குப் போனாள். காலையில் பறித்து வைத்திருந்த வேப்பங்கொழுந்தை முறத்தோடு எடுத்துப் போய்ச் சாக்கடையில் கொட்டினாள். பிறகு அறைக்குள் போய், கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்திருந்த மகனின் பாயை எடுத்து வந்து, கூடத்தில் தன் பாயின் மேல் விரித்துக்கொண்டாள்.

"அந்தப் பாய் அவருக்கு வேணுமே அத்தை" என்றாள் சீதா, வேண்டுமென்றே.

"எனக்கு முதுகு வலி. ரெண்டு பாய் வேணும்" என்றாள் பவுனம்மாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நாகையா தனியாகத்தான் வந்தான். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சட்டைக் கை மணிக்கட்டு வரைக்கும் இறங்கி, பொத்தான் பூட்டியிருந்தது.

காலையிலிருந்து அசையாத சீதாவுக்கு இப்போதுதான் சந்தேகம் வந்தது. அவிழ்க்காமலே வந்துவிட்டானா? அவன் சொல்லட்டும் என்று நின்றாள். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. மாமியார் பார்க்கப் பார்க்கவே கிட்டப் போய், அவன் கையைப் பிடித்து, அந்தப் பொத்தானைக் கழற்றினாள்.

வெறும் கை. காப்பு இருந்த இடத்தில் தோல் ஒரு கோடாக வெளுத்திருந்தது. வெயில் படாத அந்தத் தோலைச் சீதா கட்டைவிரலால் தடவினாள். நாகையா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வாத்தியார் அவுக்க மாட்டேன்னுட்டாரு" என்றான். "நானே அறுத்துட்டேன்."

"அறுத்ததை ஆத்துல விட்டியா?" பவுனம்மாள் பதறினாள். காவடிக் காப்பு கண்டவர் கையில் தங்கக்கூடாது.

"இல்லேம்மா. அவரு பிடுங்கி வெச்சுக்கிட்டாரு. ஞாயித்துக்கெழமை சபையில எல்லார் முன்னாலேயும் அதை வெச்சு, யார் பேச்சைக் கேட்டு அறுத்தேன்னு என்னைக் கேக்கப் போறாராம். இவளையும் கூட்டிட்டு வரணுமாம்."

"பொம்பளையைச் சபைக்கா?" என்று பவுனம்மாள் வாயில் கை வைத்தாள்.

சீதா அவன் கையை விடாமலே சொன்னாள்: "கேட்டா சொல்லிட்டுப் போறேன். அதுக்கு நாள் கெடக்கு. இப்பச் சாப்பிட வாங்க."

சாப்பாடு முடிந்தது. சீதாவின் தலையில் தனலெட்சுமி வைத்த பூ வாடாமல் இருந்தது. கூடத்து விளக்கைப் பவுனம்மாள் வழக்கத்தை விடச் சீக்கிரமே சின்னதாக்கிவிட்டு, இரண்டு பாயின் மேல் முதுகைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

அறைக்கதவு எப்போதும் போலச் சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே சீதாவின் சிரிப்புக் கேட்டது. அதை யாரும் பொத்தவில்லை.